கடைசித் தண்ணீரில் இருந்து கணக்கைத் தொடங்குங்கள்: கீழ்வைகைக் கண்மாய்ப் பாசனத்துக்கு முழுமையான வழிகாட்டி

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை 258 கிலோமீட்டர் ஓடுகிறது. மானாமதுரை, பரமக்குடிப் பக்கம் ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் வருடத்தில் பல மாதங்கள் மணலும் நாணலும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். தண்ணீர் வருவது சில நாட்கள், நல்ல வருடத்தில் சில வாரங்கள். அந்த நாட்களில் வருவதைக் கால்வாயில் திருப்பிக் கண்மாயில், அதாவது ஏரியில், நிறுத்தி, மழை நின்ற பிறகு வயலுக்கு விடுவதுதான் கீழ்வைகையின் விவசாயம். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று பெயர்பெற்ற ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய் இருப்பதும் இந்த மண்ணில்தான்.

இங்கே நெல் மணி பிடிக்காமல் சாவியாகிப் போன வருடங்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பயிர் நன்றாகத்தான் வந்திருக்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீரோ இரண்டு தண்ணீரோ பற்றாமல் போயிருக்கும். உழவு, விதை, உரம், களை எல்லாச் செலவும் முடிந்த பிறகு வருகிற நஷ்டம் அது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எண்ணத்தில் நிற்கிறது. அறுவடைக்கு முன் பாய வேண்டிய கடைசித் தண்ணீரை முதலில் ஒதுக்கிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, எத்தனை ஏக்கர், என்ன ரகம் என்று முடிவு செய்ய வேண்டும்.

1. ஆடி, ஆவணியில்: வரத்துக்கால்

கண்மாய் நிறைவதும் நிறையாததும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் முடிவாகிறது. வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். 1959-இல் திறக்கப்பட்டது. பூர்வீக ஆயக்கட்டுக்கு, அதாவது பழைய பாசன நிலங்களுக்குத் திறக்கும் தண்ணீரை ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்கள் 7:3:2 என்ற விகிதத்தில் பிரித்துக்கொள்கின்றன. பார்த்திபனூர் மதகணையில் இருந்து வலது, இடது கால்வாய்களில் அந்தப் பங்கு பிரியும். ஆற்றில் தண்ணீர் ஐந்து நாள்தான் வரும் என்றால், உங்கள் கிளைக்கால் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நாளும் பங்கில் ஐந்தில் ஒன்று போனதாக அர்த்தம்.

ஆடி முடிவதற்குள் நாலைந்து பேர் சேர்ந்து, கால்வாய் பிரியும் இடத்தில் இருந்து, கண்மாய்க்குள் தண்ணீர் நுழையும் உள்வாய் வரை நடந்தே போங்கள். மூன்று விஷயங்களை மட்டும் பார்த்தால் போதும். மண் மேடிட்ட இடம், கருவேலம் முளைத்த இடம், யாராவது பாதைக்காகக் குழாய் வைத்து வாய்க்காலைச் சுருக்கிய இடம். கருவேலத்தை அரிவாளால் வெட்டினால் அடுத்த மழைக்கு அதே கட்டையில் இருந்து நாலு கிளை வரும். தூரோடு பிடுங்க வேண்டும். அதற்கு முதல் மழை விழுந்து மண் இளகிய வாரம்தான் ஏற்ற நேரம்.

யாரிடம் மனு கொடுப்பது என்பதில்தான் பல ஊர்களில் காலம் வீணாகிறது. ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உங்கள் பகுதியில் இருந்தால், அதன் பெயரில் மனு போடுங்கள். தனியாள் மனுவைவிட அதற்கு எடை அதிகம். 2016-17-இல் அரசு மீண்டும் கொண்டுவந்த குடிமராமத்துப் பணிகளிலும், அதாவது ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைச் செப்பனிடும் பணிகளிலும், ஆயக்கட்டுதாரர் சங்கங்களுக்குத்தான் வேலை ஒப்படைக்கப்பட்டது.

2. மடையருகே ஓர் அளவுகல்

இது பெரிய செலவில்லாத வேலை. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். மடையின், அதாவது கண்மாயில் இருந்து தண்ணீர் வெளியேறும் வாயின், அடிமட்டத்தைச் சுழியமாக வைத்து, மடைச்சுவரிலேயே அரை அடிக்கு ஒரு கோடு வெள்ளைப் பெயிண்டில் போடுங்கள். மடைக்கும் கீழே கிடக்கும் தண்ணீர் ஆடுமாடுகளுக்கும் நிலத்தடிக்கும் உரியது. அதைப் பாசனக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இப்போது ஒரு முக்கியமான உண்மை. கண்மாய் கரையோரம் ஆழமாகவும் உள்வாய்ப் பக்கம் மெல்லச் சரிந்தும் இருக்கும். அதனால் கோடு பாதிக்கு இறங்கிவிட்டது என்றால் தண்ணீர் பாதி இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. உயரமும் பாதியாகிறது, தண்ணீர் பரந்து நிற்கும் இடமும் பாதியாகச் சுருங்குகிறது. மிச்சம் இருப்பது ஏறக்குறைய கால்பங்குதான். ‘பாதிக் கண்மாய் கெடக்கு, பாத்துக்கலாம்’ என்ற நம்பிக்கையில்தான் தை மாதத்தில் பயிர் காய்கிறது.

3. கணக்கு

ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரம் நிற்கும் தண்ணீரை ஒரு ஏக்கர்-அடி என்போம். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் நின்றால் அது சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். அரசுக் கணக்கில் வரும் ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 23 ஏக்கர்-அடி.

எடுத்துக்காட்டாக ஒரு கண்மாய். நிறைந்தால் 80 ஏக்கரில் தண்ணீர் பரவும். மடைக்கு மேல் 5 அடி. கண்மாயின் சரிவு காரணமாகச் சராசரி ஆழத்தை அதிகபட்ச ஆழத்தில் நாற்பது சதவீதமாக எடுத்துக்கொள்ளலாம். அதாவது 2 அடி. 80 × 2 = 160 ஏக்கர்-அடி.

இந்த 160-உம் வயலுக்கு வராது. மார்கழி, தை வெயிலிலும் திறந்த நீர்ப்பரப்பில் இருந்து நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் அளவுக்கு ஆவியாகும். இரண்டு மாதத்தில் அது 9 அங்குலத்தைத் தாண்டும். கசிவையும் சேர்த்து 45 ஏக்கர்-அடியைக் கழித்துவிடுங்கள். மீதி 115. மண் வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு போகும். வயலில் ஏறுவது சுமார் 77 ஏக்கர்-அடி, அதாவது 924 ஏக்கர்-அங்குலம்.

நெல்லுக்கு ஒரு தடவைக்கு 2 அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் பாய்ச்சினால், கண்மாயில் இருப்பது 460 ‘ஏக்கர்-தண்ணீர்’. ஓர் ஏக்கருக்கு ஒரு தண்ணீர் வீதம் 460 தடவை பாய்ச்சலாம் என்று பொருள். கூட்டத்தில் பேச வேண்டியது இந்த எண்ணைத்தான்.

உங்கள் கண்மாயின் பரப்பு கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் இருக்கும். தூர்ந்துபோன கண்மாயில் பழைய கொள்ளளவை நம்பாமல், கோடையில் கண்மாய் வறண்டு கிடக்கும்போது கரையில் இருந்து உள்வாய் வரை ஏழெட்டு இடத்தில் மட்டம் பார்த்துச் சராசரியைத் திருத்திக்கொள்ளுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டக் குழாயே இதற்குப் போதும்.

4. ஊர்க்கூட்டம்: எத்தனை ஏக்கர், என்ன ரகம்

ராமநாதபுரம் பக்கம் புரட்டாசியில் புழுதி விதைப்பு, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பு, போடுகிறோம். ஐப்பசி மழையில் முளைத்து, கார்த்திகை வரை மழையே காப்பாற்றும். மார்கழி தொடங்கும்போது மழை நின்றுவிட்டால், அன்று முதல் கண்மாய்தான். அன்று பயிரின் வயது என்ன, அறுவடைக்கு இன்னும் எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மழை டிசம்பர் பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 130 நாள் ரகம் போட்டிருந்தால் பிப்ரவரி பாதியில்தான் அறுப்பு. கடைசிப் பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் வேண்டாம். அப்படியும் 45 நாள் கண்மாயில் இருந்து காப்பாற்ற வேண்டும். எட்டு நாளைக்கு ஒன்று என்றால் 6 தண்ணீர். நம் கண்மாயில் 460-ஐ ஆறால் வகுத்தால் 77 ஏக்கர்.

105 நாள் ரகம் என்றால் ஜனவரி இருபது, இருபத்தைந்தில் அறுப்பு. 4 தண்ணீர் போதும். 460-ஐ நாலால் வகுத்தால் 115 ஏக்கர். அதே கண்மாய், அதே தண்ணீர். ரகத்தின் வயதை மாற்றியதில் 38 ஏக்கர் கூடுதலாகக் கரையேறுகிறது. பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009-இல் வெளியிட்ட அண்ணா (ஆர்) 4, நூறு நாளை ஒட்டிய, வறட்சி தாங்கும் ரகம். கோ 51 போன்ற 105 முதல் 110 நாள் ரகங்களும் உண்டு. நீண்ட நாள் ரகத்துக்கு மூட்டைக்கு நூறு, இருநூறு கூட விலை கிடைக்கலாம். சாவியான நெல்லுக்கு விலையே கிடையாது.

கூட்டத்தில் சண்டை வருவது பரப்பில் இல்லை, கலப்பில். ஒரே மடைக்குக் கீழே ஒருவர் 105 நாள், பக்கத்து வயல்காரர் 135 நாள் என்றால், கடைசி மூன்று வாரம் பத்து ஏக்கருக்காக வாய்க்கால் முழுக்க நனைய வேண்டும். அதனால் மடைக்கு ஒரு வயது என்று முடிவு செய்யுங்கள். எந்த ரகம் என்பது அவரவர் விருப்பம். வயது மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

கண்மாய் எந்த அளவுக்கு நிறையும் என்பது புரட்டாசியில் தெரியாதே என்று கேட்பீர்கள். தெரியாதுதான். ஆகவே பரப்பை இரண்டாகப் பிரியுங்கள். சமீப வருடங்களில் மோசமான வருடத்திலும் கண்மாயில் சேர்ந்த அளவைப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்குரிய ஏக்கரில் மட்டும் நெல்லை உறுதியாகப் போடுங்கள். மீதியில் குறைந்த தண்ணீரில் வருகிற பயிர். நெல்லின் முழுத் தேவை 1,200 மில்லிமீட்டரை ஒட்டி. பருத்தியும் மிளகாயும் அதில் பாதியில் வந்துவிடும். உளுந்து, பாசிப்பயறு, எள்ளுக்கு 300 மில்லிமீட்டரை ஒட்டிக் கிடைத்தால் போதும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இந்த மண்ணின் மானாவாரிப் பயிர், பயிர் காயாமல் காக்கும் ஒன்றிரண்டு உயிர்த்தண்ணீரில் நிற்கும்.

5. முறை வைப்பது

வயல்களுக்கு நேரம் பிரித்து வரிசையாகப் பாய்ச்சும் முறைப்பாசனத்தைக் கண்மாய் குறைந்த பிறகு தொடங்குவது வழக்கமாகிவிட்டது. முதல் நாளே தொடங்க வேண்டும். நிறைந்து கிடக்கும்போது மடையைத் திறந்துவிட்டுத் தூங்கப்போன மூன்று இரவுகளின் தண்ணீர்தான் கடைசியில் குறைகிறது.

முதலில் வாய்க்காலில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். நேராக இருக்கும் இடத்தில் 10 மீட்டர் தூரத்துக்கு இரண்டு குச்சி நடுங்கள். ஒரு காய்ந்த தேங்காய் மட்டையைப் போட்டு, எத்தனை வினாடியில் கடக்கிறது என்று செல்போனில் பாருங்கள். 25 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். மேல்மட்டம் வேகமாக ஓடும், அடி மெதுவாக ஓடும். ஆகவே 0.8-ஆல் பெருக்குங்கள், 0.32. வாய்க்கால் அகலம் 1 மீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டர் என்றால் 0.32 × 1 × 0.3 = 0.096. வினாடிக்கு 96 லிட்டர்.

வழியில் மூன்றில் ஒரு பங்கு போக, வயலுக்கு வருவது 64 லிட்டர். ஓர் ஏக்கருக்கு 2 அங்குலம் என்றால் 2 லட்சத்து 6 ஆயிரம் லிட்டர். நேரம் 54 நிமிடம். ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைக்கலாம். இரவும் பகலும் ஓடினால் 24 ஏக்கர், 115 ஏக்கரும் ஐந்து நாளில் முடியும். எட்டு நாள் சுற்றில் மூன்று நாள் மடை மூடிக் கிடக்கும். பகலில் மட்டும் பாய்ச்சுவோம் என்றால் சுற்று பத்து நாளாகிவிடும். பூக்கும் பயிர் அதைத் தாங்காது. இரவு முறைக்கு வர விருப்பமில்லாதவர்கள், ஊருக்காகத் தண்ணீர் பாய்ச்சும் ஆளான நீர்பாய்ச்சிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

நீர்பாய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஊரில் அந்தப் பொறுப்பே இல்லாமல் போய்விட்டது. அவரவர் மண்வெட்டியோடு வந்து, வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாமடையை அவரவரே வெட்டிக்கொள்கிறார்கள். நல்ல நீர்பாய்ச்சி வாய்க்காலில் இறங்கி நின்றால், காலில் படும் இழுப்பை வைத்தே மேலே எங்கோ உடைப்பு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு வயலில் முக்கால்வாசி நனைந்ததும் வாமடையை அடைத்துவிடுவார், மீதிக்கு வயலில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரே போய்ச் சேரும். ஆயக்கட்டில் நிலம் இல்லாதவராக, அல்லது கடைமடையில் நிலம் உள்ளவராகப் பார்த்துப் போடுங்கள். கூலியை அறுப்புக் களத்தில் நெல்லாகக் கொடுக்கும் பழைய வழக்கம் நியாயமானது. எல்லா வயலும் விளைந்தால்தான் அவருக்கும் முழுக்கூலி.

தலைமடையில் இருந்து தொடங்குவதா, கடைமடையில் இருந்தா? கண்மாய் நிறைந்த வருடத்தில் எப்படித் தொடங்கினாலும் வித்தியாசம் தெரியாது. குறைந்த வருடத்தில் கடைமடையில் இருந்து தொடங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. மடையில் அழுத்தம் இருக்கும்போதுதான் தூரத்து வயலுக்குத் தண்ணீர் ஏறும். கோடு இறங்கிய பிறகு தலைமடைக்காவது எட்டும், கடைமடைக்கு எட்டவே எட்டாது.

6. வயலுக்குள்: குழாய் சொல்வதைக் கேளுங்கள்

நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது நம் பழக்கம். பயிர் அப்படிக் கேட்பதில்லை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, 30 சென்டிமீட்டர் முதல் 40 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள பிவிசி குழாயை எடுங்கள். விட்டம் 15 சென்டிமீட்டர். அடிப்பாதியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, வரப்பில் இருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், 20 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறங்கும்படி நடுங்கள். உள்ளே இருக்கும் மண்ணைக் கையால் அள்ளிவிடுங்கள். பாய்ச்சிய இரண்டாம் மூன்றாம் நாளே வயலின் மேல் தண்ணீர் தெரியாது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்மட்டத்துக்கு நாலு விரல் கீழே பளபளவென்று நிற்கும். வேர் அதை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்போது அடுத்த தண்ணீரைக் காட்டினால் போதும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. 15 முதல் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும், விளைச்சல் குறையாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. கதிர் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை காயவிடவே கூடாது. அந்த இரண்டு வாரம் 5 சென்டிமீட்டர் நிற்கட்டும். மிச்சம்பிடித்த தண்ணீரெல்லாம் இதற்காகத்தான். களிமண் வயலில் ஆழமாக வெடிப்பு விட்டுவிட்டால் அடுத்த தண்ணீர் முழுக்க வெடிப்புக்குள்ளேயே போகும். மயிர்க்கோடு அளவுக்கு வெடிப்பு தெரிந்தாலே பாய்ச்சிவிடுங்கள், குழாய் என்ன சொன்னாலும்.

வரப்பில் நண்டு வளை, எலி வளை அடைப்பதும், வயலை மட்டம் பிடிப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு மூலை மேடாக இருக்கும் வயலில் அந்த மூலைக்காக மற்ற இடமெல்லாம் கூடுதல் தண்ணீர் குடிக்கும்.

7. கிணறு, போர், உப்பு

கண்மாய்க்குக் கீழே கிணறு வைத்திருப்பவர்கள் அதைக் கடைசித் தண்ணீருக்கான சேமிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். கண்மாய் நிறைந்திருக்கும்போது மோட்டாரைப் போடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரை அளப்பது எளிது. 200 லிட்டர் பீப்பாய் 40 வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 5 லிட்டர். ஓர் ஏக்கருக்கு 2 அங்குலம் பாய்ச்சப் பதினொன்றரை மணி நேரம் ஓட வேண்டும். மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது என்று பார்த்தால், எத்தனை ஏக்கரை அந்தக் கிணறு காப்பாற்றும் என்பது தெரிந்துவிடும்.

கடலை நெருங்க நெருங்க உப்புதான் பிரச்சினை. வாயில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலில், மோட்டார் அரைமணி ஓடிய பிறகு பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் கேளுங்கள். மிளகாய், மீட்டருக்கு 1 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். நெல் 2 வரை, பருத்தி 5 வரை தாங்கும். உங்கள் கிணறு 3 காட்டினால், பருத்திக்கு அது நல்ல தண்ணீர், நெல்லுக்குக் கஷ்டம். அப்படிப்பட்ட இடத்தில் முளைக்கும்போதும் பூக்கும்போதும் கண்மாய்த் தண்ணீர், நடுவில் கிணற்றுத் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சரிபாதி கலந்தால் உப்பும் சராசரியாகும்.

கிணறு உள்ளவர்கள் மிளகாய்க்கும் பருத்திக்கும் சொட்டுநீர் போட்டுவிடுவது நல்லது. சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைக்கிறது.

கிணறு இல்லாதவர்களுக்குப் பண்ணைக்குட்டை. 100 அடிக்கு 100 அடி, ஆழம் 5 அடி, பக்கச்சரிவு போக சுமார் 12 லட்சம் லிட்டர் நிற்கும். அதில் ஆவியும் கசிவும் போக, இரண்டு மூன்று ஏக்கருக்கு ஒரு தண்ணீர் நிச்சயம். அந்த ஒரு தண்ணீரை எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்பது இதற்குள் புரிந்திருக்கும்.

8. அறுப்புக்குப் பிறகு

ஒவ்வொரு முறை திறந்த தேதி, மூடிய தேதி, அளவுகல்லில் கோடு, அன்று பெய்த மழை. இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுத ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். மூன்று வருடம் எழுதினால் மேலே நான் போட்ட நாற்பது சதவீதம், மூன்றில் ஒரு பங்கு என்ற ஊகங்கள் தேவைப்படாது. உங்கள் கண்மாயின் உண்மையான எண்கள் கையில் இருக்கும்.

பங்குனி, சித்திரையில் கண்மாய் காய்ந்ததும் வண்டலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். மேட்டு வயலுக்கு அந்தக் கரம்பை அடித்தால் மண்ணின் நீர்பிடிப்பு கூடும், எட்டு நாள் சுற்றை ஒன்பது, பத்து நாளுக்கு நீட்டலாம். கரையடியை ஒட்டி வெட்ட விடாதீர்கள், கரை பலம் இழக்கும். ஒரே இடத்தில் பள்ளம் பறித்தால் அந்தத் தண்ணீர் மடைக்கும் கீழேயே தங்கிவிடும். உள்வாய்ப் பக்கம் பரவலாக, மடையை நோக்கிச் சரிவாக எடுக்கச் சொல்லுங்கள். பொக்லைன் ஓட்டுநருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிட்டு, வேலை முடியும்வரை ஊரில் ஒருவர் அங்கேயே நிற்பது நல்லது.